ஸ்ட்ரேஹார்ன் பாட்டை ஹெண்டர்சன் வாசித்தால் எப்படிக் கேட்பது

ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும்போது பேண்டு செட் ஒன்று கடைவீதிப் பக்கம் வருகிறது என்று வையுங்கள். சாக்ஸபோன்காரர் ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்தால், பல்லவி முடிவதற்குள் ரோட்டோரம் நிற்கிற பாதிப் பேருக்கு அது என்ன பாட்டு என்று தெரிந்துவிடும். வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனாலும் தெரிந்துவிடும். சரணத்தில் அவர் ஒரு சுரத்தை வேண்டுமென்றே தள்ளி வைத்து, கடைசி அடியில் ஒரு சுழற்று சுழற்றி இறங்கினால் "பாருய்யா, எங்க கொண்டுபோய் வெச்சான்" என்று சொல்ல கூட்டத்தில் ஒருத்தராவது இருப்பார். ஒரு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் இன்னொருவருடைய இசையை வாசிப்பதை ரசிக்க இதற்கு மேல் ஒரு தகுதியும் வேண்டாம். மூலப் பாட்டு உள்ளே ஓடுகிறது, வெளியே வேறு மாதிரி கேட்கிறது, இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கவனிக்கிறோம். அவ்வளவுதான்.

ஜாஸ் நமக்குப் பிடிபடாமல் போவதற்குக் காரணம், இதில் முதல் பாதி நம்மிடம் இல்லாததுதான். மூலப் பாட்டே தெரியாமல் அதன் மேல் செய்த வேலைப்பாட்டை மட்டும் கேட்டால் யாருக்கும் தலைவலிதான் வரும். ஏற்காட்டில் எஸ்டேட் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு ஒரு முறை போட்டுக் காட்டியபோது, "ஏங்க, இவரு பாட்ட வாசிக்கறாரா, இல்ல பாட்டு தொலஞ்சுபோச்சா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன், அவர் படிப்பாரா என்பது வேறு விஷயம்.

ஒரே ஒரு ஆல்பத்தை வைத்துச் சொல்கிறேன். பத்துப் பேர், நாற்பது ரெக்கார்டு என்று பட்டியல் போட்டால் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. டெனார் (கனத்த ஒலி கொண்ட வகை) சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹெண்டர்சன் 1991 செப்டம்பரில் பதிவுசெய்து, 1992-ல் வெர்வ் நிறுவனம் வெளியிட்ட 'லஷ் லைஃப்' என்ற ஆல்பம் அது. முழுக்க முழுக்க இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்னின் இசை. ஹெண்டர்சனுக்கு அப்போது 54 வயது. 1960-களிலிருந்தே ப்ளூ நோட் நிறுவனத்துக்காக வாசித்து, சக கலைஞர்கள் மத்தியில் பெரிய மரியாதை வாங்கியவர், ஆனால் வெளியே பரவலாகப் பேர் தெரிந்தது இந்த ஆல்பத்துக்குப் பிறகுதான்.

ஸ்ட்ரேஹார்ன் யார் என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அவருடைய கதை பாட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. 1915-ல் பிறந்தவர், பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். 1938 டிசம்பரில், 23 வயதில், பெரிய ஜாஸ் குழு ஒன்றை நடத்திய பியானோ கலைஞர் டியூக் எலிங்டனைச் சந்தித்தார், அதன் பிறகு 1967-ல் புற்றுநோயில் சாகும்வரை பெரும்பாலும் எலிங்டன் குழுவுக்காகவே எழுதினார். மேடையில் நின்றது எலிங்டன், கைதட்டல் வாங்கியது எலிங்டன், எது யார் எழுதியது என்று ரசிகர்களுக்குப் பிரித்துப் பார்க்கவே முடியாத நிலை. அந்தக் குழுவின் அடையாளப் பாட்டாகவே ஆகிவிட்ட 'டேக் தி ஏ ட்ரெயின்' எலிங்டன் எழுதியது என்றுதான் இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். அதை எழுதியவர் ஸ்ட்ரேஹார்ன். அது அடையாளப் பாட்டாக ஆனதற்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. 1941 தொடக்கத்தில் அமெரிக்க வானொலி நிலையங்களுக்கும் இசையமைப்பாளர் சங்கத்துக்கும் ராயல்டி தகராறு, சங்க உறுப்பினர்களின் பாட்டுகள் ரேடியோவில் வராது என்றாகிவிட்டது. எலிங்டன் சங்க உறுப்பினர், அவருடைய பாட்டை அவருடைய குழுவே ரேடியோவில் வாசிக்க முடியாது. உறுப்பினராக இல்லாத ஸ்ட்ரேஹார்னிடம் பாட்டு இருந்தது. அப்படித்தான் ஏ ட்ரெயின் முன்னுக்கு வந்தது.

சரி, வேலையைத் தொடங்கலாம்.

மெட்டு வாயில் வர வேண்டும்

ஹெண்டர்சனை உடனே போடாதீர்கள். முதலில் எலிங்டன் குழு 1941 பிப்ரவரியில் பதிவுசெய்த ஏ ட்ரெயினைக் கேளுங்கள். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பல் தேய்க்கும்போது, காய் நறுக்கும்போது, ஐந்து ரோட்டு சிக்னலில் நிற்கும்போது என்று ஓடவிடுங்கள். ரசிக்க முயற்சி எதுவும் வேண்டாம். மெட்டு உங்களை அறியாமல் வாயில் முணுமுணுப்பாக வர வேண்டும், அதுதான் குறிக்கோள். அது வரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள் என்று கண்டிப்பாகவே சொல்கிறேன், மற்ற எல்லாவற்றிலும் நான் விட்டுக்கொடுக்கிற ஆள்தான்.

இந்த மெட்டில் ஒரு இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சி-யை ஸட்ஜமமாக வைத்தால், பஞ்சமம், காந்தாரம், பஞ்சமம், ஸட்ஜமம், காந்தாரம் என்று சங்கராபரணம் மாதிரி சாதுவாகப் போகும். அப்புறம் சம்பந்தமே இல்லாமல் சுத்த தைவதத்தில் போய் நீளமாக நின்றுவிடும். சங்கராபரணத்தில் இதற்கு இடமே இல்லை, கச்சேரியில் யாராவது இப்படி வைத்தால் முன்வரிசை மாமா முகத்தைச் சுளிப்பார். இங்கே அடியில் இருக்கிற கார்டும் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) கூடவே மாறிக்கொள்வதால், கோணலாக இருந்தாலும் இனிக்கிறது. ஸ்ட்ரேஹார்னின் கையெழுத்து என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இந்த ஒரு சுரத்தைத்தான் காட்டுவேன். பிறகு யார் இந்தப் பாட்டை வாசித்தாலும் இந்த இடத்துக்கு வரும்போது அவர் என்ன செய்கிறார் என்று காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். அழுத்துகிறாரா, தடவிவிட்டுப் போகிறாரா, அல்லது இங்கே நிற்கவே வேண்டாம் என்று தாவிவிடுகிறாரா?

ஆதி தாளம் போடுங்கள்

இதை எந்த ஜாஸ் புத்தகத்திலும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நமக்கு இது ரொம்பச் சுலபம். ஏ ட்ரெயின் நாலு எண்ணிக்கை கொண்ட 32 பார்கள். எட்டு எட்டாக நாலு பகுதி. முதல் பகுதி, அதே மறுபடியும், பிறகு வேறு ஒன்று, கடைசியில் முதல் பகுதியே திரும்பவும். இரண்டு பார் சேர்ந்தால் ஒரு ஆதி தாள ஆவர்த்தனம். ஆக ஒரு பகுதிக்கு நாலு ஆவர்த்தனம், முழுச் சுற்றுக்குப் பதினாறு. தொடக்கத்தில் எலிங்டன் பியானோவில் வாசிக்கும் முன்னுரைக்கு இரண்டு ஆவர்த்தனத்தை விட்டுவிட்டு, மெட்டு தொடங்கும்போது தொடையில் தட்ட ஆரம்பியுங்கள்.

போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நமக்குத் தட்டில்தான் பலம். ஜாஸில் டிரம்ஸ்காரர் கால்மிதி ஜால்ராவை இரண்டாவது, நாலாவது எண்ணிக்கையில்தான் மூடுவார். அதாவது லகுவில் சுண்டுவிரலிலும் நடுவிரலிலும், துருதத்தில் இரண்டு வீச்சிலும் அந்த 'ட்சக்' சத்தம் விழும். நாம் கையைத் திருப்புகிற இடத்தில் அவர்கள் அழுத்தம் கொடுக்கிறார்கள். கொஞ்ச நேரம் கை குழம்பும், விட்டுவிடாதீர்கள். இது கைக்கு வந்துவிட்டால் ஸ்விங் என்று அவர்கள் சொல்வது என்ன என்பதற்கு விளக்கம் தேடி அலைய வேண்டியதில்லை, உடம்பே சொல்லிவிடும்.

1941 பதிவில் நடுவில் ஓரிடத்தில் கணக்கு உதைக்கும். சுருதி மாறுவதற்காக ஒரு இணைப்புத் துண்டைச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே தாளத்தை விட்டுவிட்டு, மெட்டு திரும்ப வரும்போது பிடித்துக்கொள்ளுங்கள்.

தாளம் எதற்கு என்றால், ஜாஸில் மெட்டு முடிந்து சொந்தக் கற்பனை தொடங்கிய பிறகும் அந்த 32 பார் நிற்பதில்லை. அதே நீளம், அதே கார்டு வரிசை, திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும். நம் கல்பனா ஸ்வரத்தில் ராகமும் எடுப்பும் பிடிமானம் என்றால் இங்கே இந்தச் சுற்றுதான் பிடிமானம். ஆகவே அவர் என்னத்தையோ வாசித்துக்கொண்டு போகும்போது, நீங்கள் மனசுக்குள் மூல மெட்டைப் பாடிக்கொண்டே இருந்தால், அது பொருந்தும். இந்த ஒரு தந்திரத்தைத் தவிர என்னிடம் உங்களுக்குச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றும் இல்லை, கீழே இருப்பதெல்லாம் இதைப் பல பாட்டுகளில் பழகிப் பார்ப்பதுதான்.

இப்போது ஹெண்டர்சன்

'லஷ் லைஃப்' ஆல்பத்தில் ஏ ட்ரெயினை எடுங்கள். பியானோ இல்லை, பாஸ் (கீழ்ச் சுரங்களைத் தரும் பெரிய தந்தி வாத்தியம்) இல்லை, மற்ற குழல்கள் இல்லை. ஹெண்டர்சனும் டிரம்ஸில் கிரெகரி ஹட்சின்சனும் மட்டும். எலிங்டன் குழுவில் பதினைந்து பேர் சேர்ந்து தாங்கிய பாட்டு இது. கார்டு வாசிக்க ஆளே இல்லாதபோது அந்தக் கார்டுகள் எங்கே போயின? ஹெண்டர்சன் வாசிக்கிற வரிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன, மீதி உங்கள் தலைக்குள் இருக்கிறது. நீங்கள் மெட்டைப் பாடம் பண்ணியிருந்தால் இந்தப் பதிவு நிறைவாகக் கேட்கும், பண்ணாவிட்டால் ஓர் ஆள் டிரம்ஸோடு சண்டை போடுகிற மாதிரி கேட்கும். வித்தியாசம் ரெக்கார்டில் இல்லை.

மூன்று தடவை கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் வேறு வேலை. முதல் தடவை ஆதி தாளம் மட்டும், வேறு எதையும் கவனிக்காதீர்கள், ஒவ்வொரு சுற்றும் எங்கே முடிகிறது என்று பிடித்தால் போதும். இரண்டாவது தடவை மெட்டை மனசுக்குள் பாடுங்கள், அவர் எப்போதெல்லாம் உங்கள் பாட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார் என்று பாருங்கள். முதல் சுரத்தை மட்டும் சொல்லிவிட்டு விலகுவார், அல்லது சுரம் வேறாக இருக்கும், தாளக்கட்டு மட்டும் மூல மெட்டினுடையதாக இருக்கும். மூன்றாவது தடவை டிரம்ஸை மட்டும். ஹட்சின்சன் தாளத்தை மட்டுமா போடுகிறார், பதிலும் சொல்கிறாரா? தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் மிருதங்கக்காரர் பாடகரை நிழல் மாதிரி பின்தொடர்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல.

ஒரு எச்சரிக்கை. நம்மில் பலருக்கு சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத்தான், 1994-ல் வந்த 'டூயட்' படத்தில் கேட்டது காதிலேயே நிற்கிறது. அவர் அந்த வாத்தியத்தைக் கமகத்துக்கு வளைத்தவர், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குழைந்து போவது அவருடைய வழி. ஹெண்டர்சனிடம் அந்தக் குழைவை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அவருடைய ஒலி கொஞ்சம் வறண்டது, காற்று கலந்தது, டெனாருக்குச் சத்தமும் குறைவு. அலங்காரம் வேறு வகை. ஒரு நீண்ட சுரத்தின் ஓரத்தில் சட்டென்று பொரிகிற சின்னச் சின்னச் சுரக்கூட்டம், ஒரே உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றித் திரும்பத் திரும்பச் சொல்வது, அப்புறம் ட்ரில், அதாவது பக்கத்துப் பக்கத்துச் சுரம் இரண்டை மாற்றி மாற்றி வேகமாக நடுங்கவிடுவது.

இஸ்ஃபஹான்: ஒரே மெட்டு, இரண்டு குணம்

அடுத்து ஆல்பத்தின் முதல் பாட்டு. இதற்கும் மூலத்தை முதலில் கேட்க வேண்டும். எலிங்டன் குழுவின் 'ஃபார் ஈஸ்ட் சூட்' தொகுப்பில், 1966 டிசம்பரில் பதிவானது, ஆல்டோ சாக்ஸபோனில் ஜானி ஹாட்ஜஸ். எலிங்டன் குழு 1963-ல் அமெரிக்க அரசு அனுப்பி இந்தியா, இலங்கை, ஈரான் என்று சுற்றியது. அந்தப் பயணத்தில் பிறந்த இசை என்று அந்தத் தொகுப்பை விற்றார்கள், ஆனால் இந்த மெட்டு மட்டும் பயணத்துக்கு முன்பே 'எல்ஃப்' என்ற பெயரில் இருந்தது, ஈரானிய நகரத்தின் பெயர் பிற்பாடு ஒட்டியது. பாட்டில் பாரசீகத்தைத் தேடிக் களைத்துப் போகாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹாட்ஜஸ் மேலே ஒரு சுரத்தில் நின்று, அங்கிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குவார். நம் ஜாருதான், சந்தேகமே இல்லை. இரண்டு சுரத்துக்கு நடுவில் எங்கே முதலாவது முடிந்தது, எங்கே இரண்டாவது தொடங்கியது என்று சொல்ல முடியாத அளவுக்கு வழவழப்பு. ஸ்ட்ரேஹார்ன் இந்த ஒலியை மனதில் வைத்தே பல பாட்டுகளை எழுதியவர். ஆக பிற்காலத்தில் யார் வந்து வாசித்தாலும் அவருக்கு முன்னால் ஹாட்ஜஸின் நிழல் நிற்கிறது. ஹெண்டர்சன் என்ன செய்தார்? வாத்தியமே வேறு, டெனார், கனம் அதிகம். துணைக்கு ஒரே ஒரு பாஸ், வாசிப்பவர் கிறிஸ்டியன் மெக்பிரைட், அப்போது 19 வயது. ஹாட்ஜஸின் வழுக்கலை நகலெடுக்காமல் மெட்டைப் பேச்சு மாதிரி உடைத்து உடைத்துச் சொல்கிறார். ஒரு சொற்றொடர், ஒரு மூச்சு, பாஸுக்கு ஓர் இடம், அடுத்த சொற்றொடர். மூச்சு எங்கே எடுக்கிறார் என்று கவனிப்பது இந்தப் பாட்டுக்கு நல்ல பயிற்சி. ஹாட்ஜஸ் ஒரே மூச்சில் கடக்கிற இடத்தை இவர் எங்கே வெட்டுகிறார், வெட்டியதால் அந்த வரியின் அர்த்தம் மாறுகிறதா? எனக்கு ஹாட்ஜஸ் வாசிப்பில் கேட்பது அழகு, ஹெண்டர்சன் வாசிப்பில் கேட்பது யோசனை. எது பெரியது என்று கேட்டால் மழைக்காலத்தில் ஒரு பதில் சொல்வேன், கோடையில் வேறு பதில் சொல்வேன்.

எதில் கேட்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பாட்டில்தான் அது பிரச்சினையாகிறது. போன் ஸ்பீக்கரில் பாஸ் கேட்காது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் கீழ்ச் சுரங்களைத் தர முடியாது, இருவர் பேசுகிற பாட்டில் ஒருவரைக் காணாமல் போக்கிவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்று சொல்வீர்கள். விலை குறைந்த ஒயர் வைத்த இயர்போன் போதும், பெரிய செட் வாங்கத் தேவையில்லை. ஏற்காடு மலைப்பாதையில் காரில் போட்டுக்கொண்டு போகிற ஆசை எல்லாருக்கும் வரும். இருபது கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியரில் இன்ஜின் உறுமிக்கொண்டு ஏறும்போது அந்த உறுமலும் பாஸும் ஏறத்தாழ ஒரே உயரத்தில்தான் ஒலிக்கின்றன, மெக்பிரைட் மொத்தமாக மூழ்கிவிடுவார். ஏறும்போது ஏ ட்ரெயின், மேலே போய் வண்டியை நிறுத்திய பிறகு இஸ்ஃபஹான். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் அதுவும் நடக்காது, ஜூன் ஜூலையில் வார நாளில் போங்கள், பகோடா பாயிண்ட் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கும். சேலத்தில் வீட்டில் கேட்பதானால் இன்னொரு தொல்லை மின்விசிறி. மெதுவான பாட்டுகளில் டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டுப் பிரஷ்ஷால் தடவுவார், ஐந்தில் ஓடும் விசிறிக்கு அடியில் அந்தச் 'ஸ்ஸ்' சத்தம் இருக்கிற தடமே தெரியாது. ஏப்ரலில் விசிறியை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் இரண்டில் வையுங்கள்.

ப்ளட் கவுண்ட்: மூன்று பேர் வாசித்தது

இது ஸ்ட்ரேஹார்ன் கடைசியாக முடித்த பாட்டு. உணவுக்குழாயில் புற்றுநோய், மருத்துவமனையில் படுத்துக்கொண்டே எழுதி எலிங்டனுக்கு அனுப்பினார். பெயரே ரத்தப் பரிசோதனையின் பெயர். 1967 மே 31 அன்று அவர் இறந்தார், சில மாதங்களுக்குள் எலிங்டன் அவருக்காக ஒரு அஞ்சலித் தொகுப்பு பதிவுசெய்தார், அதில் ஹாட்ஜஸ் இதை வாசித்தார். பிறகு ஸ்டான் கெட்ஸ் தன் டெனாரில், 1982-ல் வெளிவந்த 'ப்யூர் கெட்ஸ்' ஆல்பத்தில். பிறகு 1991-ல் ஹெண்டர்சன், பியானோ, பாஸ், டிரம்ஸோடு.

இந்த மூன்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். ஹாட்ஜஸை ஒரு வாரம் வைத்திருங்கள். அவர் பல வருடம் கூட வேலை செய்த நண்பருக்காக வாசிக்கிறார், அடங்கிய குரலில் தொடங்கி நடுவில் கத்தலாக ஏறி, பிறகு அடங்குகிறது. அந்த ஏற்றம் எங்கே வருகிறது என்று மனப்பாடமாகத் தெரிந்த பிறகு கெட்ஸுக்குப் போங்கள், அவர் எங்கே ஏறுகிறார், எவ்வளவு நேரம் அங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். கடைசியில் ஹெண்டர்சன். இந்தப் பாட்டில் மெட்டுதான் எல்லாம், அதன் மேல் கற்பனை செய்ய இடம் குறைவு. வரிகள் அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்கின்றன, கொஞ்சம் இஷ்டத்துக்கு மாற்றினாலும் பாட்டு கலைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கலைஞர் எதை மாற்றாமல் விடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அடக்கிக்கொண்டு வாசிப்பதும் வாசிப்புதான், அதற்குக் கைதட்டல் கம்மி.

சோகக் கதை தெரிந்துவிட்டதால் ஒவ்வொரு சுரத்திலும் மருத்துவமனையைத் தேட வேண்டாம். கதையை ஒருமுறை படித்துவிட்டு ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

லோட்டஸ் ப்ளாஸமையும் இதோடு சேர்த்துக் கேட்கலாம். அந்த அஞ்சலித் தொகுப்பில், பதிவு முடிந்து குழுவினர் வாத்தியங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருக்கும்போது எலிங்டன் தனியாகப் பியானோவில் வாசித்தது பதிவாகியிருக்கிறது, பின்னணியில் பேச்சுச் சத்தம் கூடக் கேட்கும். ஹெண்டர்சன் இதைப் பியானோ கலைஞர் ஸ்டீபன் ஸ்காட்டோடு இருவராக வாசிக்கிறார். இதற்கு ஆதி தாளம் உதவாது, மூன்று எண்ணிக்கைப் பாட்டு. தட்டு, தட்டு, வீச்சு என்று ரூபகம் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவை

ஜானி கம் லேட்லி, யு.எம்.எம்.ஜி. இரண்டும் ஐந்து பேர் வாசித்தவை, டிரம்பெட்டில் விண்டன் மார்சலிஸ். யு.எம்.எம்.ஜி. என்பது எலிங்டனின் மருத்துவர் நடத்திய மருத்துவக் குழுவின் பெயர்ச் சுருக்கம், ஸ்ட்ரேஹார்ன் எதற்கு வேண்டுமானாலும் மெட்டுப் போடுவார் போலிருக்கிறது. இந்த ஐவர் பாட்டுகள் நன்றாகவே இருக்கின்றன, எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது, எனக்கு அதுவே கொஞ்சம் அலுப்பு. ஆல்பத்தின் உயிர் இருவர் மட்டும் வாசிக்கும் பாட்டுகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ரெயின் செக் மூவர், பியானோ இல்லை. அதற்கு மூலம் 1941-ல் எலிங்டன் குழு வாசித்தது, பென் வெப்ஸ்டரின் டெனாரைக் கேட்டுவிட்டு வந்தால் ஹெண்டர்சன் தன் முன்னோருக்கு எங்கே வணக்கம் வைக்கிறார், எங்கே முதுகைக் காட்டுகிறார் என்று தெரியும். வேகமாக இருப்பதால் பிடிக்க முடியவில்லை என்றால் யூடியூபில் வேகத்தை 0.75-க்குக் குறைத்து ஒருமுறை கேளுங்கள். மெதுவான பாட்டுகளில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், அசிங்கமாக இருக்கும்.

லஷ் லைஃப்: கடைசியாக

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, தலைப்புப் பாட்டும் அதுதான். ஹெண்டர்சன் தன்னந்தனியாக வாசிக்கிறார். இந்த ஒரு வாசிப்புக்குத்தான் கிராமி விருதும் கிடைத்தது. ஆல்பத்தை வாங்கியதும் எல்லாரும் இதைத்தான் முதலில் போடுவார்கள். போடாதீர்கள், ஏனென்றால் பிடிமானத்துக்கு இதில் ஒன்றுமே இல்லை. டிரம்ஸ் இல்லாததால் தாளம் போட முடியாது, அவரே நீட்டுவார், நிறுத்துவார். பாட்டின் கட்டமைப்பும் ஏ ட்ரெயின் மாதிரி எட்டு எட்டாகப் பிரிந்து நிற்காது. முதலில் விருத்தம் மாதிரி நீளமான ஒரு முன்பகுதி, பிறகுதான் பாட்டு.

இதை ஸ்ட்ரேஹார்ன் பிட்ஸ்பர்க்கில் இருந்த காலத்தில், பதின்வயதில் எழுதத் தொடங்கினார். வாழ்க்கையில் எல்லாம் பார்த்துச் சலித்து, காதலில் அடிபட்டு, குடிக்கூடத்தில் காலத்தைக் கழிக்கிற ஒரு ஆள் பேசுகிற மாதிரி வரிகள். அந்த வயதுப் பையனுக்கு இந்தச் சலிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். பாடுவதற்கு மோசமான கஷ்டம். ஃபிராங்க் சினாட்ரா 1958-ல் ஸ்டுடியோவில் முயன்று பார்த்துவிட்டுப் பாதியில் கைவிட்டார்.

மெட்டைப் பிடிக்க வழி, வரிகளோடு கேட்பது. ஜானி ஹார்ட்மன் பாட, ஜான் கோல்ட்ரேன் டெனார் வாசித்த 1963 பதிவை எடுங்கள். வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கிலம் முழுக்கப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த வார்த்தையில் மெட்டு ஏறுகிறது, எந்த வார்த்தையில் விழுகிறது என்று பின்தொடருங்கள். கூடவே ஓரளவு முணுமுணுக்க வந்தபின் ஹெண்டர்சனுக்கு வாருங்கள். இப்போது வரிகள் உங்கள் வாயில், மெட்டு அவருடைய குழலில். அவர் ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தும்போது அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியும், அடுத்து எது வர வேண்டும் என்பதும் தெரியும். அதைத் தருகிறாரா, தாமதிக்கிறாரா, இடையில் வேகமாக ஒரு சுரக்கொத்தைப் போட்டுக் கார்டு மாறியதைக் காட்டிவிட்டு வருகிறாரா என்று பின்னாலேயே போங்கள். துணைக்கு ஆள் இல்லாததால் மெட்டு, கார்டு, தாளம் மூன்றையும் ஒரு குழலிலேயே சொல்ல வேண்டிய நிலை அவருக்கு. எந்த இடத்தில் எதைத் தியாகம் செய்கிறார் என்று பார்ப்பதுதான் இதில் இருக்கிற ருசி, பெரும்பாலும் தாளத்தைத்தான் விட்டுக்கொடுக்கிறார், மெட்டை ரொம்ப அபூர்வமாகத்தான்.

முன்பகுதி முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தை முதல் சில தடவை தவறவிட்டாலும் கவலையில்லை, ஹார்ட்மனுக்குத் திரும்பிப் போய்விட்டு வாருங்கள்.

இதற்கு அப்புறம்

இந்த முறை கைக்கு வந்துவிட்டால் அடுத்து நேராக ஸ்டீவ் லேசி. சோப்ரானோ சாக்ஸபோன்காரர், பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் இசையை வாழ்நாள் முழுக்க விடாமல் வாசித்தவர். 1958-ல் பதிவுசெய்த 'ரிஃப்ளெக்ஷன்ஸ்' முழுக்க மங்கின் பாட்டுகள்தான். 1960-ல் சில மாதம் மங்கின் குழுவிலேயே சேர்ந்து வாசித்தார், அப்போது மங்க் சொன்னவற்றைக் கையால் எழுதிவைத்துக்கொண்டார், அந்தத் தாள் இன்றைக்கு இணையத்தில் சுற்றுகிறது. வாசிக்கும்போது காலால் தாளம் தட்டு, மெட்டை மனசுக்குள் பாடிக்கொண்டே இரு என்று அதில் ஒரு வரி வருகிறது. கண்டகண்ட சுரத்தை வாசிப்பதை நிறுத்திவிட்டு மெட்டை வாசி என்று திட்டுகிற வரியும் உண்டு. நான் கேட்பவருக்குச் சொன்னதை மங்க் வாசிப்பவருக்கே சொல்லியிருக்கிறார்.

மங்கின் மெட்டுகள் ஸ்ட்ரேஹார்னுடையதைப் போல வழுவழுப்பாக இருக்காது, முட்டி மோதி, எதிர்பாராத இடத்தில் நின்று போகும். அதனால் மனப்பாடம் ஆவதற்கு இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும், ஆனால் ஆகிவிட்டால் போகாது. மங்க் பியானோவில் வாசித்ததை முதலில், லேசியைப் பிறகு. வரிசையை மாற்ற வேண்டாம்.

ஹெண்டர்சனையே தொடர்ந்து கேட்க விரும்பினால் 1995-ல் வந்த 'டபுள் ரெயின்போ' இருக்கிறது, பிரேசிலின் அந்தோனியோ கார்லோஸ் ஜோபிமின் இசை. மெட்டுகள் இனிமை, உடனே ஒட்டிக்கொள்ளும், வீட்டில் மற்றவர்களும் சண்டைக்கு வர மாட்டார்கள். அதிலும் இதே வேலைதான். ஜோபிமின் பழைய பதிவுகளை முதலில் தேடிப் பிடியுங்கள், பாட்டு வாயில் வந்த பிறகு ஹெண்டர்சன். யாருக்காவது போட்டுக் காட்டுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு பாட்டு, அதுவும் மூலத்தை இரண்டு தடவை ஓடவிட்ட பிறகு. கூட இருப்பவர் மெட்டோடு தலையாட்ட ஆரம்பித்திருந்தால் சாக்ஸபோனைப் போடலாம், இல்லையென்றால் காபி குடித்துவிட்டு வேறு பேச்சு பேசலாம்.